கறுப்பும் பழுப்பும் சேரும் இடம்

எங்கள் ஆடுகள் அத்தனையையும் ஒரே நாளில் கொன்ற வருஷத்தில்தான் என் தம்பி பியார்ட்மார், எங்கள் மலையைக் குவாரிக்குக் கொடுத்தான்.

இரண்டு ஆடுகளுக்குத்தான் நோய். நடை தள்ளாடியது, வேலிக் கம்பியில் முதுகைத் தேய்த்தபடியே நின்றன. மூளையைத் தின்னும் நோய் என்றார்கள். இரண்டுக்கு வந்தால் மந்தை முழுவதையும் அழித்தாக வேண்டும் என்பது சட்டம். கால்நடை மருத்துவர் எங்கள் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டக்கூட எங்களுக்கு வாய் வரவில்லை. பட்டியின் பலகைகளையும் பிடுங்கி எரித்தார்கள். சில வருஷங்களுக்குப் புது ஆடு வாங்கக் கூடாது என்றார்கள். பண்ணையில் நானும் தம்பியும்தான். என் கணவர் கடலோடு போனவர். அவன் கல்யாணமே செய்துகொள்ளாதவன். அந்தக் குளிர்காலத்தில் ஆட்டுச் சத்தம் இல்லாத வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காப்பி குடித்தோம்.

வசந்தத்தில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற கிராஸ்தபி மலை, உச்சி தட்டையாக, மேஜை போட்டது போல இருக்கும். அதன் பழுப்புப் பாறையை அரைத்து சிமெண்டில் கலக்கலாமாம். கப்பலில் வெளிநாட்டுக்குப் போகுமாம்.

"சும்மா நிக்கிற மலைதானே ஒட்னி" என்றான் தம்பி. "ஆடு மேயறதுக்கு வெச்சிருந்தோம். இப்ப ஆடே இல்ல."

"யோருன் கிட்ட என்ன சொல்லுவ?"

அவன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். அவன் தானாகப் பாத்திரம் கழுவி நான் பார்த்ததே இல்லை.

யோருன் நிலவியல்காரி. தலைநகரம் ரெய்க்யவிக்கில் பல்கலைக்கழகத்தில் வேலை. கோடை வந்தால் எங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவாள். முதன்முதலில் வந்தபோது அவளுக்குத் தலைமுடி பொன்னிறம். இப்போது சாம்பல் நிறம். சுத்தியல், கயிறு, அளவுக்கோல் என்று காலையில் கிளம்பினால் மழையில் நனைந்த நாய்க்குட்டி மாதிரி சாயங்காலம் திரும்பி வருவாள். கிராஸ்தபி பனிக்கு அடியில் பிறந்த மலை. இந்த நாடு முழுக்கப் பனிப்பாளம் மூடியிருந்த காலத்தில் அடியில் எரிமலை வெடித்தது. சுற்றிலும் பனி உருகி, பனிக்குள்ளேயே ஒரு குளம் உண்டானது. தண்ணீருக்குள் வந்த எரிமலைக் குழம்பு சட்டென்று குளிர்ந்து நொறுங்கிப் பழுப்புப் பாறையானது. மலை வளர்ந்து தண்ணீருக்கு மேலே தலை நீட்டிய பிறகு வந்த குழம்பு வழக்கம்போல ஓடிக் கறுப்புப் பாறையானது. ஆக, கறுப்பும் பழுப்பும் சேரும் கோடு எங்கே இருக்கிறதோ, அதுதான் அன்றைய தண்ணீர் மட்டம். அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள அதைவிட உயரமான பனிச்சுவர் சுற்றிலும் இருந்திருக்க வேண்டும். பனி போய்ப் பத்தாயிரம் வருஷத்துக்கு மேலாகியும் அதன் உயரத்தை மலை ஞாபகம் வைத்திருக்கிறது என்பாள். மேற்குச் சரிவில் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து, எங்கள் வீட்டுக்கு மேல் நானூறு மீட்டர் பனி இருந்தது என்று அவள்தான் முதலில் எழுதினாள். பனிப்பாளங்கள் எத்தனை வேகமாகக் கரைந்தன என்று கணக்குப் போடுகிறவர்கள் உலகம் முழுக்க அந்த எண்ணைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மலையைக் கொடுத்த விஷயத்தைத் தம்பியே அவளிடம் சொன்னான். சாப்பாட்டு மேஜையில், உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே. யோருன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஆடு போனது எனக்குத் தெரியும் பியார்ட்மார்" என்றாள். "நான் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஊராட்சிக் கூட்டத்துல எதிர்த்துப் பேசுவேன். அதுக்கு நீ கோவப்படக் கூடாது."

"பேசு. நானும் வந்து உக்காந்து கேக்கிறேன்."

அப்படியே செய்தான். முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டான். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டுக் கை தூக்கினார்கள். குவாரி வேண்டும் என்று தூக்கிய கைகள்தான் அதிகம். அப்புறம் அவளுக்கே கேக் வெட்டிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஊரில் எந்த விஷயமானாலும் நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில்தான் முடிவாகப் பேசப்படும். அடுத்த நாள் கழுத்தளவு வெந்நீரில் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது மீன் கடை ஆர்ன்கெல் அவளைச் சீண்டினான்.

"யோருன், இல்லாத பனிக்காகத் துக்கம் கொண்டாடறியே, இருக்கிற பனியும்தான் போயிட்டிருக்கு. அதுக்கு எப்ப அழப்போற?"

"ரெண்டும் ஒரே அழுகைதான்டா. தனித்தனியா அழ எனக்கு நேரமில்ல."

தொட்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உடை மாற்றும் அறையில் மட்டும் வெகுநேரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குவாரியில் பொக்லைன் ஓட்ட ஆள் தேடினார்கள். தம்பியே போய்ச் சேர்ந்தான். "என் மலைய வேற எவனோ தோண்டறத ஜன்னல் வழியா பாத்துட்டு உக்காந்திருக்க முடியாது. தோண்டறதுன்னா நானே தோண்டறேன்" என்றான். அதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் அவன் மறுபடி நேரத்துக்கு எழுந்தான், நேரத்துக்குச் சாப்பிட்டான். எனக்கு அது போதுமாயிருந்தது.

கிழக்குப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். இலையுதிர்காலம் தொடங்கி, யோருன் தலைநகரத்துக்குத் திரும்பிப் போயிருந்தாள். ஒரு மத்தியானம் தம்பி பூட்ஸோடு சமையலறைக்குள் வந்து தொலைபேசியை எடுத்தான்.

"யோருன், உள்ள ஒரு கறுப்புக் கோடு தெரியுது" என்றான். "இல்ல, நீ சொன்ன இடத்துல இல்ல. மேல. ரொம்ப மேல." அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. "சரி, மெதுவா ஓட்டிட்டு வா. கோடு எங்கயும் ஓடாது" என்று சொல்லி வைத்தான். வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்திருக்க வேண்டும். அதைத் தோண்டி அள்ளுகிறவனே அவன்தானே.

அவள் அன்று இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தாள்.

குவாரியில் யாரும் தனியாகப் பாறை முகப்புக்குப் போகக் கூடாது என்பது விதி. அதனால் துணைக்கு நான் போனேன். ஹெல்மெட்டும் மஞ்சள் சட்டையும் போட்டுக்கொண்டு அளவுக்கோலைப் பிடித்தபடி நிற்பதுதான் என் வேலை. வெட்டிய சுவர் தேவாலயக் கோபுரத்தைவிட மூன்று நான்கு மடங்கு உயரம். அதன் மேல்பகுதியில், எடுத்து ஒட்டினாற்போல, கறுப்பு. கீழே பழுப்பு. நடுவில் கோணல்மாணலாக அந்தக் கோடு. யோருன் வாயைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இது நல்லதா கெட்டதா?" என்று கேட்டேன்.

"ஒட்னி, மேற்கால நான் கண்டுபிடிச்ச கோட்ட விட இது நூத்தம்பது மீட்டர் மேல இருக்கு."

"அப்ப பனி அவ்வளவு ஒசரமா?"

"ரெண்டு விதமா இருக்கலாம். முதல்ல தண்ணி இங்க இருந்து, எரிமலை எரிஞ்சிட்டிருக்கும்போதே பனி தேஞ்சு, மட்டம் அங்க இறங்கியிருக்கலாம். அப்படின்னா அந்தப் பனி எவ்வளவு வேகமா போச்சுன்னு இந்த ஒரு மலையே சொல்லிடும். வேற எந்த மலையும் இத்தனை தெளிவா சொன்னதில்ல." அவள் கண் சுவரை விட்டு நகரவில்லை. "இல்லன்னா, மேற்குப் பக்கம் மொத்தமும் அந்தக் காலத்துலயே வழுக்கிக் கீழ விழுந்த துண்டு. அப்ப நான் இத்தனை வருஷம் பிடிச்சிட்டிருந்த கோடு பொய். நானூறுங்கிறதும் பொய்."

"எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

அவள் வடக்கு மூலையைக் காட்டினாள். இரண்டு பகுதிகளும் அங்கேதான் சந்திக்கின்றன. நடுவில் வழுக்கிய தடம் இருக்கிறதா, இல்லை, பாறை அறுபடாமல் தொடர்கிறதா என்று கையால் தடவி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். அந்த மூலை இன்னும் பாதிதான் வெளியே வந்திருந்தது. அதாவது தம்பி இன்னும் தோண்டினால்தான் அது தெரியும். அதிகம் தோண்டினால் அதுவே இருக்காது.

"கம்பெனிக்காரங்கள நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்" என்றாள் யோருன், இறங்கி வரும்போது. "இப்ப அவங்க நிறுத்திட்டா நான் செத்தேன்."

மறுநாளிலிருந்து மழை. மழையோடு மூடுபனி. எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலத்து மூடுபனி வந்தால் எதிரில் நிற்பவரின் மூக்கு தெரியாது. யோருன் வைத்திருந்த குட்டி ட்ரோனை ஒருமுறை பறக்கவிட்டாள். ஈரமான தூசி வழிந்து சுவர் முழுவதும் ஒரே சேறு. படத்தில் எது கறுப்பு, எது பழுப்பு என்றே தெரியவில்லை. கயிற்றில் தொங்கிப் பார்க்கலாம் என்றாள். மழை நின்று சுவர் காயும்வரை கூடாது என்றார் குவாரி மேலாளர் உல்வார். ஆனால் இயந்திரங்களுக்கு மூடுபனியாவது ஒன்றாவது? விளக்கைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உறுமின. கப்பல் துறைமுகத்தில் காத்திருந்தது.

யோருன் சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்த ஆட்டுக்கறி சூப் அவளுக்கு முன்னால் ஆறி, கொழுப்பு வெள்ளையாகப் படிந்தது. சாயங்காலம் தம்பி வந்தவுடன் அவன் சட்டையைக் கழற்றுவதற்குள் கேட்பாள்: "மூலை இருக்கா?"

"இருக்கு. அந்தப் பக்கமே நான் பொக்லைன் பக்கெட்ட வெக்கல."

"மத்தவங்க?"

"மத்தவங்களும்தான். சொல்லி வெச்சிருக்கேன்."

வானிலை அறிக்கை வியாழக்கிழமை வெளுக்கும் என்றது. செவ்வாய்க்கிழமை காலையில் உல்வாரே எங்கள் வீட்டுக்கு வந்தார். இளவயதுக்காரர், மெதுவாகப் பேசுவார், கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் இல்லாத மனிதர். காப்பி வேண்டாம் என்றார்.

"யோருன், மேல வந்து ஒண்ணு பாக்கணும்."

மூன்று பேரும் பின்பக்கமாக ஏறினோம். மலையுச்சியில், வெட்டிய விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பாசியைக் கிழித்துக்கொண்டு வடக்கு மூலைவரை ஒரு விரிசல் ஓடியது. யோருன் மண்டியிட்டாள். கையை உள்ளே விட்டாள். முழங்கை போயிற்று, தோள்வரை போயிற்று. முகம் பாசியில் ஒட்டக் கிடந்து, உள்ளே எதையோ கேட்பவள் போல இருந்தாள்.

"நேத்து இது இல்ல" என்றார் உல்வார். "லாரி போற பாதை சரியா இதுக்குக் கீழ. வேற பாதை கிடையாது. நான் உங்க கிட்டதான் கேக்கறேன். இந்தப் பாறைய உங்கள விடத் தெரிஞ்சவங்க யாருமில்ல. வியாழக்கிழம வரைக்கும் நிக்கும்னு நீங்க சொன்னா, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு ரெண்டு நாள் மூடி வெக்கறேன். மேலிடத்துல நான் பேசிக்கறேன். நிக்காதுன்னா, அதுவா விழறதுக்கு முன்னால இன்னைக்கே நாமளே தள்ளிடணும்."

"மூடி வெச்சா யாரும் கீழ இருக்க மாட்டாங்கல்ல? அப்ப அதுவா விழட்டுமே" என்றேன் நான்.

"யோருன் இருப்பாங்களே" என்றார் உல்வார். "வியாழக்கிழம இவங்க இந்தச் சுவருக்கு அடியிலதான் போய் நிக்கணும். நீங்களும் பக்கத்துல நிப்பீங்க."

யோருன் எழுந்து கையிலிருந்த சேற்றைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவள் வாயிலிருந்து 'நிக்கும்' என்று ஒரு சொல் வந்தால் போதும். அதற்குமேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கீழே இறங்கினோம். பொக்லைனை நிறுத்திவிட்டுத் தம்பி ஓடி வந்தான். விஷயம் அவனுக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

"வா, பக்கெட்ல ஏறு" என்றான். "மூலைக்குத் தூக்கிட்டுப் போறேன். பத்து நிமிஷம். பாத்துட்டு இறங்கிடு. அப்புறம் தள்ளிக்கலாம்."

"பியார்ட்மார்!" என்றார் உல்வார்.

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. நீங்க ஒண்ணும் பாக்கல."

யோருன் சுவரைப் பார்த்தாள். மூடுபனி ஒரு கணம் விலகியிருந்தது. வடக்கு மூலை கிட்டத்தட்டத் தெரிந்தது. எட்டிப் பிடிக்கிற தூரம் போல. அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். நான் அவள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தேன். அப்போது உயரத்திலிருந்து சரசரவென்று பொடிக்கற்கள் உதிர்ந்தன. மாவு சலிப்பது போல மெல்லிய சத்தம். நின்றது. மறுபடி உதிர்ந்தது.

"உன் பொக்லைன் எங்க நிக்கும்?" என்று கேட்டாள் தம்பியிடம்.

"சுவருக்கு நேர் அடியில."

"அப்ப வேண்டாம்." குரல் சாதாரணமாக இருந்தது. உல்வார் பக்கம் திரும்பினாள். "வியாழக்கிழம வரைக்கும் நிக்காது. நாளைக்கு வரைக்கும்கூட நிக்காது. தள்ளிடுங்க."

தம்பி தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே சேற்றில் குந்திவிட்டான். "வேற யாராவது தள்ளட்டும்" என்றான்.

"நீ தள்ளு" என்றாள் யோருன். "உனக்கு இதத் தெரியும். வேற எவனாவது அவசரத்துல அடியில போய் நிப்பான்."

நீளக்கை இயந்திரத்தைப் பக்கவாட்டில், தூரத்தில் நிறுத்தினார்கள். லாரிகளை வெளியேற்றினார்கள். தம்பி மேலே ஏறி உட்கார்ந்தான். நாங்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். இரண்டு தடவை தட்டியதும் போதுமானதாயிற்று. சுவர் முதலில் தலையாட்டியது. பிறகு மேலிருந்து கீழ்வரை அப்படியே உட்கார்ந்தது. சத்தம் பின்னால்தான் வந்தது. காலுக்கு அடியில் வந்தது. வெள்ளை மூடுபனி பழுப்பாக மாறி எங்களை மூடியது. யோருன் என் கையைப் பிடித்திருந்தாள் என்பது, அவள் விட்ட பிறகு விரல்கள் வலித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

மிச்சப் பாறை இனிமேல் அசையாது என்று உறுதியானதும் உல்வார் எங்களை உள்ளே விட்டார். யோருன் குவியலில் ஏறி இறங்கித் தேடினாள். கறுப்புத் துண்டுகள், பழுப்புத் துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, கொட்டிக் கலந்த தானியம் மாதிரி. வெகுநேரம் கழித்து ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய கனம். ஒரு பாதி கறுப்பு, மறு பாதி பழுப்பு. நடுவில் அந்தக் கோடு, கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு.

"கெடச்சிருச்சே!" என்றேன், அறியாமல்.

"கெடச்சிருச்சு" என்றாள். "இதுதான் அந்தத் தண்ணி மட்டம். ஆனா இது எந்த ஒசரத்துலேர்ந்து வந்துச்சுன்னு யார் சொல்லுவாங்க? மேல் கோடா, வழுக்கி வந்ததா, மூலையா? எனக்குத் தெரியாது ஒட்னி. இனிமே யாருக்கும் தெரியாது."

கல்லைத் திரும்பக் குவியலிலேயே வைத்தாள்.  சாயங்காலத்துக்குள் லாரிகள் வந்து அள்ளத் தொடங்கின. வியாழக்கிழமை சொன்னபடியே வெளுத்தது. அப்படி ஒரு வெயிலை அந்த வருஷம் நாங்கள் பார்க்கவில்லை.

குளிர்காலத்தில் யோருன் தன் பழைய எண்ணை இனி நம்ப வேண்டாம் என்று எல்லோருக்கும் எழுதினாள். நானூறாக இருக்கலாம், ஐந்நூற்றைம்பதாகவும் இருக்கலாம், தீர்மானிக்கும் இடம் இப்போது இல்லை என்று. அவளோடு வேலை செய்தவர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்களாம். எங்கள் ஊர் மண்டபத்திலும் வந்து பேசினாள். ஆர்ன்கெல் எழுந்து, "ஆக எங்க தலைக்கு மேல எவ்வளவு பனின்னு கடைசில உனக்கே தெரியாது, அப்படித்தானே?" என்றான்.

"அப்படித்தான்" என்றாள்.

அவன் இன்னொரு வேடிக்கை சொல்ல வாயெடுத்தவன், என்ன நினைத்தானோ, உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் போன பிறகு தம்பி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். முதுகைக் காட்டியபடியே சொன்னான்: "அன்னைக்கு நீ ஏறியிருந்தா நான் தூக்கியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் யோருன். "அதனாலதான் ஏறல."

அடுத்த கோடையில் அவள் வந்தபோது சுத்தியல் கொண்டு வரவில்லை. மாடி அறையில் இரண்டு நாள் தூங்கினாள். கிராஸ்தபியில் பாதிதான் மிச்சம். இப்போது தெற்குப் பக்கம் வெட்டுகிறார்கள். நான் மீனும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவி வைத்தேன். தம்பி வேலையிலிருந்து வந்து உட்கார்ந்தான். தலைமுடியிலும் புருவத்திலும் பழுப்புத் தூசி.

"தெக்கால ஏதாவது கோடு இருக்குமா?" என்று கேட்டான்.

"இருக்காது. அந்தப் பக்கம் முழுக்கப் பழுப்புதான். நான் எப்பவோ பாத்துட்டேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்." மீனின் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினான். "ஆனாலும் ஒவ்வொரு பக்கெட்டையும் பாத்துட்டுதான் லாரியில போடறேன்."

"என்ன பாக்கிற?"

அவன் ரொட்டியை எடுத்தான். "தெரியல" என்றான். யோருன் வெண்ணெய்க் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். மூவரும் சாப்பிட்டோம்.